உயர்தர வகுப்பிற் சமூகவியல்

(ஆசிரியரும் பெற்றோரும் கமக்காரரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



இன்று எமக்குத் தரப்பட்ட பொருள் உயர்தர வகுப்பிற் சமூகவியல் என்பது. இப்பெயரில் ஒரு பாடம் எமது பாடசாலைகளில் இல்லை. க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குரிய பாடநிரலை எடுத்துப் பாருங்கள். பொருளியல் உண்டு, புவியியல் உண்டு, அரசறிவியல் உண்டு, வரலாறு உண்டு, அளவையியலும் விஞ்ஞானமுறையும் உண்டு, இந்து நாகரிகம் முதலாகக் கிரேக்க உரோம நாகரிகம் ஈறாக நாகரிகங்கள் பல உண்டு, தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் என ஒரு பாடமும் உண்டு. சமூகவியல் இல்லை. கலைப்பிரிவு மாணவன் ஒருவன் பல்கலைக்கழகத்துட் காலெடுத்து வைத்த பின்னரே இப்பாடத்தை முதன்முதலாகச் சந்திக்கின்றான். பல்கலைக்கழகம் புகாதவன் சந்திப்பதே இல்லை. உயர்தரம் எழுதுவோரிற் பெரும்பாலார் பல்கலைக்கழகம் புகுவதில்லை என்பதை இங்குள்ள பெற்றோருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இக்குறை சிறிதன்று என்பதே எமது கட்சி. கட்சி என்ற சொல்லை வாதம் என்னும் அதன் பழைய பொருளிலேயே சொல்கின்றோம். தேர்தல் வருகிறதோ என்று யாரும் அஞ்ச வேண்டா.

சமூகவியல் யாது என வரைவிலக்கணம் கூறப் புகின் கூட்டத்திற் பாதிப்பேர் எழுந்து போய்விடுவர். ஆதலின் கிணற்றிலிருந்து தொடங்குவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மாரியிற் பெய்யும் மழை சுண்ணக்கற் பாறையுள் இறங்கி நிற்க, அதனைக் கிணற்றின் வழியே மேலேற்றித்தான் எம் முன்னோர் பயிர் செய்தனர். ஆயினும் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கிணறு இருந்ததில்லை. பழைய காணி உறுதியொன்றை எடுத்து வாசித்துப் பாருங்கள். இத்தனை பரப்புக் காணி என்று எழுதிய பின், கிணற்றிற் பங்கும், அங்கே போய்வரும் வழியும், நீர் ஓடும் வாய்க்காலும் அக்காணியோடு சேர்ந்தன என்று எழுதியிருக்கும். ஒரு கிணற்றிற் பலருக்குப் பங்கு. இன்ன நாள் இன்னார் இறைப்பது என்ற முறை எந்த அரசாங்கமும் இயற்றிய சட்டமன்று. பங்காளர் தமக்குள் வைத்துக்கொண்டது. மகளுக்குக் காணியைச் சீதனமாக எழுதும்போது கிணற்றுப் பங்கும் உடன் போகின்றது. மருமகன் புதிய பங்காளனாக வந்து சேர்கின்றான். எனவே ஒரு கிணற்றின் பங்காளர் பெயர்களை மூன்று தலைமுறைக்கு நிரலாக எழுதினால், அவ்வூரின் உறவுமுறையே ஒரு படமாகத் தாளில் விழுந்துவிடும்.

அவ்வளவில் நின்றுவிடலாகாது. பங்குள்ளவர் யாரென்று கேட்ட மாணவன், பங்கில்லாதவர் யாரென்றும் கேட்க வேண்டும். பிறர் கிணற்றடிக்குக் குடத்துடன் வந்து, தாமாக அள்ளுதற்கு விடப்படாமல், யாரேனும் அள்ளி ஊற்றும்வரை ஒதுங்கி நின்றோர் எம் ஊர்களில் இருந்தனர். அவர்கள் நின்ற இடத்தையும் குறித்தால்தான் அந்தப் படம் உண்மையான படம்.

இனித் துலாவை நினைத்துப் பாருங்கள். துலா மிதிக்க ஆள் வேண்டும். கிணற்றடியில் நின்று பட்டையைப் பிடித்துச் சரிக்க ஆள் வேண்டும். பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாற ஆள் வேண்டும். தனியொருவனால் இறைப்பு நடவாது. உறவினரும் அயலவரும் கூலியாளும் ஒரே வைகறையில் ஒரே கிணற்றடியில் நின்றாக வேண்டும். 1950 களிலும் 1960 களிலும் மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரம் ஊரூராகப் பரவியது. மூவர் நாலுபேர் செய்ததை ஒருவரும் ஓர் இயந்திரமும் செய்யலாயினர். பயிரிடும் பரப்புக் கூடியது. வெங்காயமும் மிளகாயும் பெருகின. 1970 முதல் 1977 வரை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தமையால் அவற்றுக்கு நல்ல விலை கிடைத்தது. அந்தப் பணத்திற் கல்வீடுகள் எழுந்தன, பிள்ளைகள் படித்தனர், இம்மண்டபத்தில் முன்வரிசையில் இருக்கும் வைத்தியர், பொறியியலாளர், சட்டத்தரணிகளுள் மிளகாய்த் தோட்டத்தால் உருவானோர் எத்தனை பேர் என்று நாம் எண்ணப் போவதில்லை. 1977 இற் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் அந்த விலை சரிந்தது. இதற்கிடையில் உரமும் நீரும் அளவின்றிப் பாய, நிலத்தடி நீரில் நைத்திரேற்று ஏறியது. கரையோரங்களில் உவர் புகுந்தது. துலா போனதும் துலாவைச் சுற்றி நின்ற கூட்டமும் போயிற்று. அதனால் யாருக்கு விடுதலை, யாருக்கு வேலையிழப்பு? ஒரே மாற்றம் ஒருவனை அடிமைக்கூலியிலிருந்து விடுவித்து, இன்னொருவனைப் பிழைப்புத் தேடி ஊரைவிட்டே அனுப்பியிருக்கக்கூடும்.

இவையெல்லாம் கமக்காரராகிய உங்களுக்குத் தெரியாதவை அல்ல. உங்கள் பிள்ளை இதனைப் பாடசாலையில் எழுதுதற்கு ஒரு தாள் இல்லை என்பதே குறை. உரோமாபுரியின் உயர்குலத்தாருக்கும் பொதுமக்களுக்கும் இடையே நடந்த போராட்டத்தைப் பற்றி அவன் பக்கம் பக்கமாக எழுதுவான், புள்ளியும் பெறுவான். தன் வீட்டுக் கிணற்றிற் பங்கு யாருக்கு, ஏன் என்று கேட்டால் அதனை ஒரு கேள்வியாகவே மதியான். உரோமாபுரியைப் படிக்க வேண்டா என்பது எமது கருத்தன்று. உரோமாபுரியைக் கேட்ட அதே கேள்வியை ஊரையும் கேட்கப் பழக வேண்டும் என்கின்றோம். அவ்வாறு கேட்டு, கணக்கெடுத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எல்லாரும் இயல்பென்று எண்ணும் ஒன்றுக்குக் காரணம் தேடும் துறையே சமூகவியல். வரைவிலக்கணம் வேண்டியோர் இதனை வைத்துக்கொள்ளலாம்.

இத்துறையின் வலிமையைக் காட்ட இன்னொரு செய்தி. அது துயரமானது, ஆயினும் கமக்காரரும் வைத்தியரும் ஒருங்கே இருக்கும் சபையிற் சொல்லத் தகுந்தது. 1897 இல் எமில் டுர்க்கைம் என்னும் பிரெஞ்சு அறிஞர் தற்கொலையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தன்னுயிரை மாய்த்துக்கொள்வதைவிடத் தனிமனிதனுக்கே உரிய செயல் வேறொன்று இருக்க முடியாது என்று உலகம் எண்ணியிருந்தது. அவரோ நாடு நாடாக, மதம் மதமாக எண்ணிக்கைகளை அடுக்கி, ஒரு சமூகத்தின் தற்கொலை வீதம் ஆண்டுக்காண்டு ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்பதையும், குடும்பக் கட்டும் சமயக் கட்டும் தளர்ந்த இடத்தில் அவ்வீதம் உயர்வதையும், போர்க்காலத்தில் அது தாழ்வதையும் காட்டினார். அவர் கூறியவற்றுட் பல பின்னர் மறுக்கப்பட்டன. ஆனால் அவர் கேட்ட கேள்வி நிலைத்துவிட்டது.

அக்கேள்வி எம் வாசலுக்கும் வந்தது. 1995 இல் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சம் பேருக்கு 47 என்னும் அளவை எட்டி, உலகில் மிக உயர்ந்தனவற்றுள் ஒன்றாக நின்றது. ஊரிற் பேசியது என்ன? பெடியன் ரோசக்காரன், பெட்டை அவசரப்பட்டுவிட்டாள், விதி என்பனவே. எண்ணிக்கையைப் பார்த்தவர்கள் வேறொன்றைக் கண்டனர். இறந்தோரிற் பெருந்தொகையினர் கமக்காரக் குடும்பத்தினர். கொடிய பீடைகொல்லிகள் வீட்டு மூலையில் எவர் கைக்கும் எட்டும் நிலையில் இருந்தன. 1995 முதல் அவற்றுள் மிக நச்சுள்ளவை படிப்படியாகத் தடை செய்யப்பட்டன. 20 ஆண்டுகளுக்குள் அந்த வீதம் மூன்றிலொரு பங்களவிற்கு இறங்கியது. தடையால் விளைச்சல் விழுந்ததாகச் சான்று காணப்படவில்லை. ரோசமும் விதியும் மாறவில்லை. கடையில் விற்கும் போத்தல் மாறியது. யாழ்ப்பாணத்திற் போர் மூண்ட காலத்தில் தற்கொலை வீதம் குறைந்தமையை வைத்தியர் தயா சோமசுந்தரமும் அவருடன் ஆய்ந்தவரும் 1995 இல் எழுதினர். டுர்க்கைம் நூறாண்டுக்கு முன் ஐரோப்பாவிற் கண்டது இங்கும் காணப்பட்டது. 18 வயதுப் பிள்ளைக்கு இதனைக் கற்பித்தால், அயல்வீட்டுத் துயரத்திற்குக் குறைசொல்லும் பழக்கத்தையாவது விட்டுவிடும்.

இந்நாட்டில் இத்துறை புதியதன்று. இலங்கைப் பல்கலைக்கழகத்திற் சமூகவியல் 1949 இலேயே தொடங்கியது. அதனைத் தொடக்கி வைத்த அமெரிக்கர் பிரைஸ் றையன் 1953 இல் இலங்கையின் சாதி முறைமை பற்றி நூலொன்றை வெளியிட்டார். 1961 இல் எட்மண்ட் லீச் வடமத்திய மாகாணத்துப் புல் எளிய என்னும் ஒரு குளத்து ஊரை எடுத்து, யார் யாருக்கு உறவு, யார் வயலுக்கு எவ்வளவு நீர் என்று வயல் வயலாக ஆராய்ந்து எழுதினார். வன்னிக் குளங்களின் கீழ் வேளாண்மை செய்வோர் அதனை வாசித்தால், தம் வட்டவிதானையார் நினைவுக்கு வராமற் போகார்.

இத்துறையில் உலகப் புகழ் பெற்ற ஒருவர் எம்மவர் என்பதை எத்தனை மாணவர் அறிவர்? ஸ்ரான்லி ஜெயராஜா தம்பையா 1929 இற் பிறந்த இலங்கைத் தமிழர்; இலங்கைப் பல்கலைக்கழகத்திற் பயின்று, அங்கேயே கற்பித்து, பின்னர் கேம்பிரிட்ஜ், சிக்காகோ, ஹார்வார்ட் பல்கலைக்கழகங்களிற் பேராசிரியப் பணி செய்து, 2014 இல் மறைந்தார். 1956 யூன் மாதத்தில் அவர் சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் அடங்கிய குழுவொன்றை அழைத்துக்கொண்டு கிழக்கே கல்லோயாக் குடியேற்றத்திற்குச் சென்றிருந்தார். குடியேறிய கமக்காரரின் வாழ்க்கையை ஆராய்வதே நோக்கம். அதே மாதத்தில் தனிச் சிங்களச் சட்டமூலம் பாராளுமன்றத்தில் வந்தது, கல்லோயாவிற் கலவரம் வெடித்தது, ஆய்வு இடைநின்றது. விளைச்சலையும் குடும்ப நிலையையும் கேட்டெழுதச் சென்ற மாணவர், குடியேற்றம் என்பது வெறும் வயலும் வாய்க்காலும் அன்று என்பதைக் கண்ணாரக் கண்டு திரும்பினர். அக்காலத்து அறிவாளர் பலர் அதனை ஒரு திடீர்க் குழப்பம் என்று சொல்லி அப்பாற் சென்றனர். தம்பையா பிற்காலத்தில் இனக்கலவரங்களைப் பற்றி எழுதிய பெருநூல்களுக்கு அந்த யூன் மாதமும் ஒரு வித்து.

ஆனால் எம்மைப் பற்றி எழுதியோர் யாவர் என்று நோக்குங்கள். யாழ்ப்பாணத்துச் சாதியமைப்பைப் பற்றி 1960 இற் கேம்பிரிட்ஜ் வெளியீடொன்றிற் கட்டுரை எழுதியவர் மைக்கல் பாங்ஸ் என்னும் ஆங்கிலேயர். அக்கரைப்பற்றுத் தமிழரையும் முஸ்லிம்களையும் பல்லாண்டு ஆராய்ந்து 2008 இற் பெருநூல் வெளியிட்டவர் டெனிஸ் மக்கில்வ்றே என்னும் அமெரிக்கர். எம்மவரும் எழுதாமல் இல்லை, பேராசிரியர் கா. சிவத்தம்பி யாழ்ப்பாணச் சமூகத்தை ஆராய்ந்து தமிழிலேயே எழுதினார். சமூகவியற் பேராசிரியர் என். சண்முகலிங்கன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தார். ஆயினும் அவ்வெழுத்துக்கள் பல்கலைக்கழக மதிலைத் தாண்டி உயர்தர வகுப்பிற்குள் வரவில்லை.

வந்திருந்தால் என்ன பயன் என்பீராயின், கிழக்கைச் சொல்வோம். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்திற் குடி என்பது தாய்வழியாக வருவது. வீடு மகளுக்கு, மருமகன் அவ்வீட்டுக்கு வந்து வாழ்வான். தமிழர் கோயிலிற் குடிக்குக் குடி உரிமையும் மரியாதையும் உண்டு. இதே தாய்வழிக் குடிமுறை அயலிலுள்ள முஸ்லிம் மக்களிடமும் உண்டு. அவர்களிடமும் மகளுக்கே வீடு. வேலிக்கு இப்பாலும் அப்பாலும் திருமண வழக்கு இத்துணை ஒத்திருக்க, இரு பகுதிப் பிள்ளைகளும் ஒருவரையொருவர் அந்நியராக எண்ணி வளர்கின்றனர். வடக்கிலுள்ள தமிழ்ப் பிள்ளைக்கோ கிழக்கின் தமிழன் எவ்வாறு மணம் செய்கிறான் என்பதே தெரியாது. ஒரே மொழி பேசும் மக்களை ஓரணியிற் சேர்க்க முப்பது நாற்பது மாநாடுகள் கூட்டியிருக்கின்றோம். இதனை ஒரு பாடவேளையிற் கற்பிக்க எவரும் எண்ணவில்லை.

மலையகத்தைப் பற்றியும் இவ்வாறே. இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்ற இரு பிரிவு குடிசனக் கணக்கெடுப்பில் 1911 இலேதான் முதன்முதலாகத் தனித்தனியே எழுதப்பட்டது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. 1964 இற் சிறிமாவோ-சாஸ்திரி உடன்படிக்கை அவர்களை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. 1971 கணக்கெடுப்பில் நாட்டின் குடிசனத்தில் 9.3 வீதமாயிருந்த இந்தியத் தமிழர் 1981 இல் 5.5 வீதமாயினர். இவ்வீழ்ச்சிக்குக் கப்பலேறிச் சென்றோர் ஒரு காரணம். இந்தியத் தமிழர் என்ற பெயரை விட்டு இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்டோர் இன்னொரு காரணம். மக்கள் அழியாமலே எண்ணிக்கை குறையலாம் என்பதையும், கணக்கெடுப்போன் கையிலுள்ள படிவத்தின் ஒரு கட்டம் ஒரு சமூகத்தின் தலைவிதியில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதையும் இதைவிடத் தெளிவாக விளக்கும் உதாரணம் உலகிற் குறைவு. 1970 களில் தரப்படுத்தல் வந்தபோது எமது வாதம் முழுவதும் வீதக் கணக்கிலேயே நடந்தது. பாராளுமன்றத்திற் பேசியவர்களும் பத்திரிகையில் எழுதியவர்களும் ஒருசில அறிஞர் திரட்டிய எண்களையே திருப்பித் திருப்பிச் சொன்னோம். எண் திரட்டத் தெரிந்தோர் ஊருக்கு ஒருவர் இருந்திருப்பின் அவ்வழக்கு இன்னும் உறுதியாக நின்றிருக்கும்.

இனி மறுப்புக்களுக்கு வருவோம். முதலாவது மறுப்பை வெளிப்படையாக எவரும் சொல்வதில்லை. தேநீர் குடிக்கும்போது தணிந்த குரலிற் சொல்வர். "இந்தப் பாடம் வந்தால் வகுப்பிற் சாதியைப் பற்றிப் பேச வேண்டி வரும், ஆறிய புண்ணை ஏன் கிண்டுவது?" என்பதே அது. புண் ஆறியதா என்பது புண்பட்டவனைக் கேட்டு அறிய வேண்டியது. பாடசாலையே இவ்வரலாற்றின் நடுவில் நின்றிருக்கின்றது. 1930 ஆம் ஆண்டையொட்டி எல்லாப் பிள்ளைகளும் சம ஆசனத்தில் இருக்க வேண்டும் என்ற விதி வந்தபோது யாழ்ப்பாணத்தில் எழுந்த எதிர்ப்பிற் பாடசாலைகள் தீக்கிரையாயின. அதற்கு முன்னரே 1924 இல் மாணவர் காங்கிரசாகத் தோன்றி இளைஞர் காங்கிரசாக வளர்ந்த இயக்கம் சமபந்திக்கும் சம ஆசனத்திற்கும் நின்றது. 1957 இற் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்த பின்னும் தேநீர்க்கடைக் கதவும் கோயிற் கதவும் திறக்கவில்லை. 1966 ஒக்ரோபர் 21 இற் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட்டது. 1968 இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ்ந்தது. இவற்றை எந்த வகுப்பிற் படித்தோம்? பிறரிடம் சம உரிமை கேட்கும் சமூகம் தன் முற்றத்தில் நடந்த உரிமைப் போரைப் பிள்ளைக்கு மறைத்தால், பிள்ளை அதனைப் படியாமலிருக்கும் என்பதில்லை. திருமணப் பேச்சின்போது, அதுவும் மிகக் கொடிய வடிவிற் படித்துக்கொள்ளும்.

சீதனமும் அவ்வாறே. தேசவழமை 1707 இல் ஒல்லாந்தர் எழுதி வைத்த எமது வழக்குச் சட்டம். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்ற மூன்று சொற்களையும் இங்கிருக்கும் ஒவ்வொருவரும் அறிவர். சீதனம் பெண்ணின் சொத்து என்று அச்சட்டம் கூறியது. ஆனால் அப்பெண் தன் காணியை விற்பதாயிற் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்று 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் விதித்தது. சொத்து ஒருவருக்கு, கையொப்பம் இருவருக்கு. கலைப்பிரிவு வகுப்புக்களில் அமர்ந்திருப்போரிற் பெரும்பாலார் பெண்பிள்ளைகள். தம் வாழ்க்கையை நேரே தொடும் இச்செய்தியைத் தம் திருமண உறுதியில் ஒப்பமிடும் நாளிலன்றி அவர்கள் வேறெங்கே அறிகின்றனர்?

இரண்டாவது மறுப்பு உத்தியோகம். இப்பாடத்தால் வேலை கிடைக்குமா என்பீர்கள். கலைப்பிரிவின் வேறெந்தப் பாடத்தாலும் கிடைக்கும் அளவே இதனாலும் கிடைக்கும். கூடுதலாக வாக்குறுதி அளிக்க நாம் விரும்பவில்லை. ஆனால் எமது பிள்ளைகள் கிராம அலுவலராகவும், அபிவிருத்தி உத்தியோகத்தராகவும், தாதியராகவும், வங்கி அலுவலராகவுமே பெரும்பாலும் போகின்றனர். இவர்கள் அனைவரின் தொழிலும் வீட்டு வாசலில் நின்று கேள்வி கேட்டுப் பதில் எழுதுவது. எப்படிக் கேட்பது என்பதை அவர்களுக்கு யாரும் கற்பிப்பதில்லை. போருக்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் வீடு வீடாக நுழைந்து, கணவனை இழந்த பெண்களைக் கழுத்தளவு ஆழ்த்திய காலத்தில், கடன் கொடுத்தவர்களிடம் படிவம் இருந்தது. கடன் பட்டவர்களின் உண்மை நிலையைத் திரட்டிய படிவம் ஊரில் எவரிடமும் இருக்கவில்லை.

ஏனைய நாடுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். இங்கிலாந்தில் உயர்தரத்திற் சமூகவியல் நெடுங்காலமாக உண்டு. மிகப் பலர் எடுக்கும் பாடங்களில் ஒன்றாகவும் விளங்குகின்றது. இந்தியாவின் மத்திய கல்விச் சபைப் பாடசாலைகளில் 11 ஆம், 12 ஆம் வகுப்புக்களுக்கு இப்பாடம் உண்டு. எழுத்துப் பரீட்சைக்கு 80 புள்ளியும், மாணவன் தானே செய்யும் களவேலைக்கு 20 புள்ளியும் ஒதுக்குகின்றனர். அந்த 20 புள்ளியே எமக்கு வேண்டியது. இங்கு அதனை 40 ஆக்கினாலும் தகும்.

ஏனெனில் எமது அச்சமெல்லாம் வேறிடத்தில் உள்ளது. 1972 ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் வரலாறு, புவியியல், குடியியல் மூன்றையும் ஒன்றாக்கிச் சமூகக் கல்வி என்ற பாடத்தை வகுத்தது. நோக்கம் நல்லது. நடந்ததோ மூன்று பாடங்களின் குறிப்பு ஒரு கொப்பிக்குள் வந்தமையே. இன்று உயர்தரக் கல்வியிற் பாதி தனியார் வகுப்புக் கொட்டகைகளில் நடக்கின்றது. அங்கு சமூகவியல் போய்ச் சேருமாயின், "குடும்பத்தின் பணிகள் ஐந்து, சமூகமயமாக்கலின் முகவர்கள் நான்கு" என்று ஒலிபெருக்கியிற் சொல்ல, இருநூறு பிள்ளைகள் குனிந்து எழுதுவர். டுர்க்கைமும் மாக்ஸும் வேபரும் வினாவிடைப் புத்தகத்தின் மூன்று பெயர்களாவர். அவ்வாறு வருவதாயின் இப்பாடம் வரவே வேண்டா. இருக்கும் குறிப்புக்களே பிள்ளைக்குப் போதுமான சுமை.

ஆசிரியர் இல்லை என்று சொல்வதை நாம் ஏற்க மாட்டோம். யாழ்ப்பாணம், பேராதனை, கொழும்பு, கிழக்குப் பல்கலைக்கழகங்களிற் சமூகவியல் கற்று வெளியேறியோர் எம் பாடசாலைகளில் வேறு பாடங்களைக் கற்பித்துக்கொண்டிருக்கின்றனர். தமிழ்ச் சொல் இல்லை என்பதையும் ஏற்க மாட்டோம். 1950 களிலும் 1960 களிலும் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதி வெளியிட்டு, பல்கலைக்கழக நூல்களையே தமிழில் ஆக்கித் தந்தது. அன்று இயன்றது இன்று இயலாதென்றால் அது மொழியின் குறையன்று. மேலிடத்திற்கு இக்கோரிக்கை விளங்காது என்ற சாட்டும் எடுபடாது. 2024 இற் பிரதமராகவும் கல்வி அமைச்சராகவும் பொறுப்பேற்ற கலாநிதி ஹரிணி அமரசூரிய டெல்லி இந்துக் கல்லூரியிற் சமூகவியல் பயின்றவர். கோரிக்கையை மகரகமைத் தேசிய கல்வி நிறுவகத்திற்குத் தமிழ்ப் பாடசாலைகளின் அதிபர்களும் பெற்றோர் சங்கங்களும் எழுத்தில் அனுப்ப வேண்டும். களவேலைக்குப் புள்ளி இல்லாத பாடவிதானத்தை ஏற்கமாட்டோம் என்பதையும் அதே கடிதத்தில் எழுத வேண்டும்.

பாடவிதானம் வர ஆண்டுகள் செல்லும். சாதாரணதரப் பரீட்சை முடிந்து உயர்தர வகுப்புத் தொடங்கும் வரையிற் பிள்ளைகள் மாதக்கணக்கிற் சும்மா இருக்கின்றனர். அக்காலத்தில் ஆசிரியர் ஒருவரின் கீழ்ப் பத்துப் பிள்ளைகள் ஓர் ஊரை எடுக்கலாம். கிணறுகளையோ, குளத்து நீர்முறையையோ, வெளிநாட்டுப் பணம் வரும் வீட்டையும் வராத வீட்டையுமோ, மலையகமாயின் லயத்தில் ஓர் அறைக்கு எத்தனை பேர் என்பதையோ எடுக்கட்டும். முதல் நாளில் வருமானத்தைக் கேட்கலாகாது. வீட்டில் ஆண் சொன்னதையும் பெண் சொன்னதையும் தனித்தனியே எழுத வேண்டும், இரண்டும் ஒன்றாயிராது. பெயர்களைக் குறியீடாக மாற்றிவிட வேண்டும். எழுதி முடித்ததைப் பரிசளிப்பு விழாவில் வாசிப்பதற்கு முன், அவ்வூரார் கூடும் கோயில் மடத்திலோ சனசமூக நிலையத்திலோ வாசித்துக் காட்ட வேண்டும். ஊரார் பிழையென்று சொல்வதையும் அடியிற் குறித்துக்கொள்ள வேண்டும். இதற்கு வேண்டிய கொப்பிகளை வாங்கித் தருவதாக இங்கு வந்திருக்கும் கூட்டுறவுச் சங்கத்தார் சற்றுமுன் எம்மிடம் கூறினர். எந்த ஊரிற் தொடங்குவது என்பதை ஆசிரியர்களும் கமக்காரர்களும் இன்று கலைந்து போவதற்கு முன் தீர்மானித்துக்கொள்வார்களாக.